காத்திருக்கும் ஆசிரியர், தொட்டுப் பேசும் ஆசிரியர்

வாய்ப்பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கென்று எத்தனையோ பயிற்சிகள் வந்துவிட்டன. அவற்றில் அதிகம் பரவிய இரண்டை எடுத்துக்கொண்டால், முதல் நாள் காலையிலேயே அவை நேரெதிரான கட்டளைகளைப் போடுகின்றன. "நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், பிள்ளை தொடங்கட்டும்" என்கிறது ஒன்று. "நீங்கள் பேசும்போதெல்லாம் பிள்ளையின் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள், பதில் வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள்" என்கிறது இன்னொன்று. முன்னதன் பெயர் பெக்ஸ், அதாவது படப் பரிமாற்ற முறை. பின்னதைச் சிறப்பாசிரியர்கள் மாடலிங் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இரண்டிலும் படங்கள், லேமினேஷன், வெல்க்ரோ எல்லாம் உண்டு. வகுப்பறை வாசலில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆசிரியரிடம் எந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்கின்றன என்று கேட்டால்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் புலப்படும்.

பெக்ஸ் பிறந்தது 1985இல், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பொதுக்கல்வித் திட்டத்தில். உளவியலாளர் ஆண்டி பாண்டியும் பேச்சு மொழி வல்லுநர் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கியது. இதற்கு அடித்தளம் பி.எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட மொழி நடத்தை பற்றிய நூல். ஒரு செயலுக்கு உடனே பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப நிகழும் என்ற கொள்கைதான் இதன் முதுகெலும்பு. மொத்தம் 6 கட்டங்கள்.

முதல் கட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பிள்ளைக்கு முறுக்கு என்றால் உயிர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கையில் முறுக்கை வைத்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் மேசைமேல் ஒரே ஒரு படம், முறுக்கின் படம். பிள்ளையின் பின்னால் இன்னொரு பெரியவர் இருக்கிறார். பிள்ளை முறுக்கை நோக்கிக் கை நீட்டியதும் பின்னாலிருப்பவர் அந்தக் கையைப் பிடித்துப் படத்தை எடுக்க வைத்து, எதிரே விரிந்திருக்கும் உள்ளங்கையில் வைக்கச் செய்கிறார். படம் கைக்கு வந்த கணமே ஆசிரியர் "முறுக்கு!" என்று சொல்லி முறுக்கைக் கொடுத்துவிடுகிறார். அதற்கு முன்னால் ஒரு சொல்கூட வரக்கூடாது. "என்னப்பா வேணும்?", "படத்தை எடுத்துக் குடு" எல்லாமே விலக்கு. பின்னாலிருப்பவரும் பேசக்கூடாது, சிரித்துப் பாராட்டவும் கூடாது. அவர் வெறும் கை. அந்தக் கையும் மெல்ல மெல்ல விலகிவிட வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் ஆசிரியர் எழுந்து தள்ளிப் போகிறார். பிள்ளை தன் படப் புத்தகத்திலிருந்து படத்தைப் பிய்த்துக்கொண்டு அவரைத் தேடி வர வேண்டும். மூன்றில் இரண்டு படங்களுக்கு நடுவே சரியானதைப் பிரித்தறிய வேண்டும். நான்கில் "எனக்கு வேண்டும்" என்ற படத்தையும் பொருளின் படத்தையும் ஒரு பட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "என்ன வேண்டும்?" என்ற கேள்வி ஐந்தாம் கட்டத்தில்தான் ஆசிரியரின் வாயிலிருந்து முதன்முறையாக வரலாம். பார்த்ததைச் சொல்வது, கேட்டதைச் சொல்வது எல்லாம் ஆறாம் கட்டம்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் கட்டத்தில் பிள்ளைக்குப் படத்தின் பொருள் தெரிந்திருக்கவே தேவையில்லை. தான் ஒருவரிடம் போய் ஒன்றைக் கொடுத்தால் அவர் தனக்காக எதையோ செய்வார் என்பதுதான் பாடம். சொல்லகராதி பிறகு, ஆளைத் தேடிப் போவது முதலில். வாய்ப்பேச்சு இல்லாத பல பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருப்பது இந்த இடம்தான். அவர்கள் கேட்பதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடுகிறது, செருப்பு மாட்டப்பட்டுவிடுகிறது. கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆசிரியருக்கு இது ஏன் கடினம்? நம் தொழிலே கேள்வி கேட்பது. "இது என்ன? இது என்ன நிறம்? சொல்லு பார்க்கலாம்" என்று வாய் தானாக ஓடும். படம், பலகை, கருவி போன்ற மாற்றுவழித் தொடர்பு பயன்படுத்துபவர்களோடு மற்றவர்கள் எப்படி உரையாடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு: பேசத் தெரிந்தவரே முக்கால்வாசி நேரம் பேசுகிறார், ஆம் இல்லை என்று முடியும் கேள்விகளாகவே கேட்கிறார், பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பெக்ஸ் பயிற்சி இந்த நோயைத்தான் நேரடியாகக் குறிவைக்கிறது. ஆசிரியரின் வாயைக் கட்டுகிறது. பயிற்சியாளர் பின்னால் நின்று பார்த்து, ஒரு சின்ன "ம்?" வந்தால்கூடப் பிடித்துவிடுவார். பயிற்சி என்ற முறையில் அதன் பலம், தவறு எது என்று பளிச்சென்று தெரிவது. படம் கைமாறியதா, யாரும் தூண்டாமல் மாறியதா, எத்தனை முறை? தாளில் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் காட்டலாம்.

மாடலிங் இப்படி எண்ணிக் காட்டக்கூடிய சரக்கு அல்ல. அதன் வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஓர் ஆண்டு முழுக்க அந்த மொழியைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நாளும் நாம் அதைப் பரிசோதிப்பதில்லை, பேசாவிட்டால் பேசுவதை நிறுத்துவதும் இல்லை. ஆனால் படப் பலகையைக் கையில் வாங்கிய பிள்ளையிடம் மட்டும் மறுநாளே "எங்கே, காட்டு" என்கிறோம். அந்தப் பலகையால் யாரும் பேசி அது பார்த்ததே இல்லை. கேட்காத மொழியை யார் பேசுவார்கள்? எனவே ஆசிரியர் முதலில் அந்தப் பலகையில் பேச வேண்டும். கதை சொல்லும்போது, சோறு ஊட்டும்போது, சண்டையை விலக்கும்போது, வாயால் சொல்லும் வாக்கியத்தில் ஒன்றிரண்டு முக்கியச் சொற்களை விரலால் தொட்டபடியே சொல்ல வேண்டும்.

இந்த வழியில் பெயர் பெற்ற ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவில் மேரி ஆன் ராம்ஸ்கியும் ரோஸ் செவ்சிக்கும் செய்தது. அறிவுத்திறன் குறைபாடும் பேச்சின்மையும் உள்ள 13 இளைஞர்களுக்குக் குரல் தரும் கருவிகளைக் கொடுத்து, வீட்டிலும் பள்ளியிலும் 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் தாங்கள் பேசும்போது அதே கருவியைத் தொட்டுப் பேச வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கருவிகளில் இருந்த குறிகள் சிம்பன்சிகளின் மொழித்திறனைச் சோதிக்க 1970களில் உருவாக்கப்பட்ட லெக்சிகிராம் வகையைச் சேர்ந்தவை. மனிதக் குரங்குக்காகச் செய்தது மனிதப் பிள்ளைக்கு உதவியது என்று கேட்டால் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கோ அது ஒரு நல்ல செய்தி: குறி அழகாகவோ நிஜப் பொருளைப் போலவோ இருப்பது இரண்டாம் பட்சம், எத்தனை பேர் அதைப் பயன்படுத்திப் பேசுகிறார்கள் என்பதே முதன்மை.

இப்போது ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் மாடலிங் பயிற்சிகளில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் கோர் முக்கியமானது. 36 சொற்கள் கொண்ட ஒரு பலகை, இலவசம். அதில் பூனை, பந்து, பிஸ்கட் எதுவும் கிடையாது. போ, நிறுத்து, இன்னும், வேண்டும், பார், வேறு, யார், எங்கே, நல்ல என்று எங்கும் எப்போதும் உதவுகிற சொற்கள் மட்டும். அத்தனை கட்டங்களைக் கண்ணால் தொடர முடியாத பிள்ளைக்கு ஒரு தாளில் 4 அல்லது 9 சொற்களாகப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். பார்வையும் குறைந்த பிள்ளை தடவி அறிய முப்பரிமாணக் குறிகள் உண்டு. பயிற்சிப் பாடங்களையும் தனியாக உட்கார்ந்தோ, சக ஆசிரியர்களோடு குழுவாகவோ படிக்கலாம்.

பெக்ஸில் முறுக்கு முதலில் வருகிறது. இங்கே "இன்னும்" முதலில் வருகிறது. முறுக்குப் படம் முறுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் பயன்படும். "இன்னும்" முறுக்குக்கும் ஆகும், ஊஞ்சலுக்கும் ஆகும், பாட்டுக்கும் ஆகும், வாத்தியாரின் கதைக்கும் ஆகும். பெயர்ச்சொற்களை மட்டுமே கற்ற பிள்ளையால் கடைக்காரரிடம் போகிறவனைப் போலக் கேட்க முடியும். சலித்துக்கொள்ள முடியாது, வம்பு பேச முடியாது, "இது வேறே" என்று மறுக்க முடியாது. பெக்ஸின் ஆறாம் கட்டத்தில் கருத்துச் சொல்வது இருக்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கட்டம் வரை எத்தனை வகுப்பறைகள் போய்ச் சேருகின்றன என்பதுதான் கேள்வி. மூன்றாம் நான்காம் கட்டத்தில் நின்றுபோன படப் புத்தகங்கள் பள்ளி அலமாரிகளில் கிடப்பதைச் சிறப்பாசிரியர்கள் அறிவார்கள்.

பயிற்சி முடிந்தபின் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கறாரான சாட்சியம் இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. பாட்ரிசியா ஹவ்லினும் அவர் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்டிசம் உள்ள 84 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களின் வகுப்புகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: உடனே பயிற்சி பெறுபவை, தாமதமாகப் பெறுபவை, பெறாதவை. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் 2 நாள் பெக்ஸ் பட்டறை. அதன்பின் 5 மாதங்களில் 6 அரைநாள்கள் வல்லுநர் வகுப்புக்கே வந்து பார்த்துத் திருத்தினார். பலன் தெரிந்தது. பிள்ளைகள் தாமாகத் தொடங்கிக் கேட்பதும் படங்களைப் பயன்படுத்துவதும் கூடின. வல்லுநர்கள் போன பிறகு அந்த உயர்வு நிலைக்கவில்லை. பேச்சு அதிகரித்ததாகவும் தெரியவில்லை.

இதைப் பெக்ஸின் தோல்வி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கமாட்டேன். வல்லுநர்கள் வந்து போன 5 மாதம் ஆசிரியர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் அந்த முறைக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும், தனி நேரம் வேண்டும், தொலைந்த படத்துக்கு மாற்று வெட்டி ஒட்ட ஆள் வேண்டும். யாராவது வந்து கேட்டுக்கொண்டிருக்கும்வரை அதற்கெல்லாம் நேரம் பிறக்கும். பிறகு தேர்வு வரும், ஆண்டு விழா வரும். அன்றாட வேலையின் மேல் தனியாக ஏற்றிவைத்த எந்தப் பயிற்சியும் முதலில் இறக்கப்படும் சுமையாகத்தான் இருக்கும்.

மாடலிங் இந்த இடத்தில் தேறுகிறது. அதற்கென்று தனிப் பிரிவேளை கிடையாது. ஆசிரியர் எப்படியும் பேசத்தான் போகிறார், அந்தப் பேச்சோடு விரலும் போனால் போதும். சுவரில் பெரிதாக ஒரு பலகையை ஒட்டிவிட்டால் வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளும் அதைத் தொட்டு விளையாடத் தொடங்கிவிடுவார்கள். பேச்சில்லாத பிள்ளைக்கு நாற்பது மாடல்கள் இலவசமாகக் கிடைத்துவிடும். ஆனால் மாடலிங்குக்குச் சாதகமான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய பிள்ளைகளை நெருக்கமாகப் பின்தொடர்ந்தவை. பெக்ஸை வறுத்தெடுத்த அதே வகைச் சோதனையை இதற்கும் வைத்துப் பார்த்தால்தான் நியாயம். அதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியரின் பொறுமை. வாரக்கணக்கில், சில பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் எந்தப் பதிலும் வராது. தான் செய்வது சரியா தவறா என்று சொல்ல எந்தக் குறியும் இருக்காது. பெக்ஸ் ஆசிரியருக்கு முதல் நாளே முறுக்குப் படம் கையில் விழுகிறது. மாடலிங் ஆசிரியருக்குச் சுவரோடு பேசுகிற உணர்ச்சிதான் மிஞ்சுகிறது. பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள்.

அதனால் இரண்டு பயிற்சிகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜெனிஃபர் கென்ட் வால்ஷும் டேவிட் மக்நாட்டனும் 2005இல், மாற்றுவழித் தொடர்பில் துணைநிற்பவர்களைப் பயிற்றுவிக்க 8 படிகள் கொண்ட ஒரு முறையை முன்வைத்தார்கள். அதில் விளக்கிச் சொல்வது ஒரு படி மட்டும். மீதிப் படிகளில் செய்து காட்டுவது, செய்ய வைப்பது, பார்த்துத் திருத்துவது, புது இடத்தில் செய்ய வைப்பது, தொடர்ந்து செய்வதாக ஆசிரியரே ஒப்புக்கொள்வது எல்லாம் வருகின்றன. நம் பணியிடைப் பயிற்சிகளில் அந்த ஒரு படிதான் நாள் முழுக்க ஓடும். திரையில் ஸ்லைடு, மதியம் சாப்பாடு, மாலையில் வருகைச் சான்றிதழ்.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தைத் தளமாகக் கொண்டு பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். வகுப்பாசிரியரோ தினமும் பிள்ளையோடு இருக்கிறார். இதுவரை பயிற்சியெல்லாம் பெரும்பாலும் முன்னவருக்கே. பெக்ஸாக இருந்தால் அந்த ஏற்பாடு ஓரளவு செல்லும், அவர் வரும் நாளில் அவரும் வகுப்பாசிரியருமாக இரண்டு பெரியவர்கள் கிடைப்பார்கள். மாடலிங்குக்கு அது உதவாது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கும் மொழியை யாரும் கற்க முடியாது. வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், வீட்டில் அம்மா என்று பலகை பலர் கையில் புழங்க வேண்டும்.

அந்தப் பலகையும் தமிழில் யோசித்துச் செய்ததாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பலகையில் மறுப்புக்கு ஒரு கட்டம் போதும். நமக்கு வேண்டாம், இல்லை, முடியாது, தெரியாது என்று தனித்தனியே வேண்டும். இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தமிழில் பெயரோடு ஒட்டிய உருபாகிவிடுகின்றன, அவற்றுக்குக் கட்டம் ஒதுக்குவது வீண். அந்த இடத்தில் "மேலே", "உள்ளே" வைத்துவிடலாம். ஆசிரியர் வாயில் "வேணும்" என்று வருவதைப் பலகை "வேண்டும்" என்று எழுதிக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை குழம்பும். வகுப்பில் எந்தத் தமிழ் புழங்குகிறதோ அதுவே பலகையிலும் இருக்கட்டும் என்பது என் கட்சி.

கருவி என்று வரும்போது சென்னைக்குத் தனி இடம் உண்டு. அஜித் நாராயணன் இங்கே உருவாக்கிய ஆவாஸ் இன்று டேப்லெட்டில் ஓடும் செயலியாக, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. 1985இல் சென்னையில் தொடங்கப்பட்டு இப்போது வித்யாசாகர் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகி வளர்ந்த கருவி அது. ஆனாலும் டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. கருவியில் யாரும் தொட்டுப் பேசிக் காட்டாவிட்டால் பிள்ளை அதில் யூடியூப்தான் பார்க்கும். அதைக் குறை சொல்ல முடியாது.

பெற்றோரின் பயம் இரண்டு முறைகளுக்கும் ஒன்றே. "படத்தைப் பழக்கிவிட்டால் பேச்சு வராமலே போய்விடுமோ?" ஆசிரியர் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லக் கற்றுத்தருவது அவசியம், ஏனென்றால் அம்மாவின் பயம் தீராமல் பலகை வீட்டுக்குள் நுழையாது. டயன் மில்லார், ஜேனிஸ் லைட், ரால்ஃப் ஷ்லோசர் மூவரும் 2006இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான ஆய்வுகளிலிருந்து எடுத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குச் சிறிதளவேனும் கூடியது, மீதிப் பேர் இருந்தபடியே இருந்தார்கள். கூடியது பெரும்பாலும் கொஞ்சம்தான். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "பேச்சு வரும்னு சொன்னீங்களே டீச்சர்" என்று வந்து நிற்பார்கள்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெக்ஸில் பின்னாலிருப்பவர் கை விலகியே தீர வேண்டும் என்றேன். அது விலகாமல் நிலைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு, பிள்ளையின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தட்டச் செய்யும் முறை. 1990களில் அமெரிக்காவில் அது அலையாகப் பரவியது. பிடித்திருப்பவருக்கு ஒரு படத்தையும் பிள்ளைக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, தட்டப்பட்ட பதில் பிடித்திருப்பவர் பார்த்ததாகவே இருந்தது. அமெரிக்கப் பேச்சு மொழி கேட்பியல் சங்கம் 2018இல் அந்த முறையையும், எழுத்துப் பலகையை ஒருவர் பிடித்துக்கொண்டு தூண்டும் இன்னொரு முறையையும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் கை எப்போது எடுக்கப்படும்?" என்பதுதான். மாடலிங்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, அங்கே ஆசிரியரின் விரல் ஆசிரியரின் சொல்லைத்தான் சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆம் பிரிவு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான இடைவெளியோடு இருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சொல்லும் உட்பிரிவு சைகை மொழியையும் பிரெய்லையும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாற்றுவழித் தொடர்பு வேறொரு உட்பிரிவில், "ஊக்குவிக்க வேண்டிய" ஒன்றாக வருகிறது. ஊக்குவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊக்குவிக்கும் ஆளுக்குக் கற்றுத்தருவது யார் என்று சொல்லவில்லை.

இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு வட்டாரத்துக்கு முடிவு செய்யச் சொன்னால், நான் மாடலிங்கை அடிப்படையாக வைப்பேன். ஒரே ஆசிரியர் இருக்கும் வகுப்பில் தாக்குப்பிடிக்கக்கூடியது அதுதான். ஆனால் பெக்ஸின் முதல் இரண்டு கட்டங்களை அதற்குள் இழுத்துக்கொள்வேன். ஆளைத் தேடிப் போகவே தெரியாத பிள்ளைக்குச் சுவரில் எத்தனை பலகை ஒட்டினாலும் பயனில்லை. சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளை அதற்கு ஒதுக்கலாம். பெக்ஸ் கற்றுத்தரும் மௌனத்தையும் மாடலிங் ஆசிரியருக்குக் கற்றுத்தருவேன். தொட்டுப் பேசிவிட்டு, வாயை மூடி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருப்பது. மாடலிங் பயிற்சிகளில் அதிகம் சறுக்கும் இடம் இதுவே. தொட்டுக் காட்டும் உற்சாகத்தில் ஆசிரியர் இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டே போய்விடுகிறார்.

பயிற்சி நாள்களையும் பிரித்துப் போடுவேன். ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் மட்டும் மையத்தில். மீதியெல்லாம் வகுப்பறையிலேயே, மாதம் ஒரு முறை, ஆண்டு முடியும்வரை. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பத்து நிமிடம் வகுப்பெடுக்கும்போது கைப்பேசியில் பதிவு செய்து, அவரும் பயிற்றுநரும் சேர்ந்து பார்த்தால் போதும். எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை தொட்டார், எத்தனை முறை காத்திருந்தார் என்பதை அவரே எண்ணிவிடுவார். ஏப்ரலில் கடைசிப் பயிற்சி நாளில் அடுத்த வகுப்பு ஆசிரியரும் வந்து உட்கார வேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது பலகை கழுத்தில் தொங்கிக்கொண்டு கூடவே போகும். அதைப் படிக்கத் தெரிந்தவர் நான்காம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறார்.